தவளை முட்டையும் தலையெழுத்தும்

மழை ஓய்ந்த மாலை. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைக் கடந்து சற்றுத் தொலைவு நடந்தால், மலையிலிருந்து வழிந்த நீர் பள்ளங்களிலே தேங்கி நிற்கும். நேற்றுவரை ஊமையாய்க் கிடந்த மண், ஒரே மழையில் தவளைகளின் பாட்டரங்கமாகிவிடும். அங்கே என் மாணவர் சிலர் குனிந்து நின்றனர். நீர்மேல் மிதந்த கருமணிகளைச் சுட்டி, "இது என்னங்க ஐயா?" என்றனர்.

"தவளை முட்டை" என்றேன்.

அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "தவளையாப் பொறக்கணும்னு அதன் தலையிலே எழுதியிருக்கு வாத்தியாரே! அவனவனுக்கும் அப்படித்தான்" என்றார்.

மாணவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "தலையே முளைக்காத முட்டைக்குத் தலையெழுத்து எங்கே இருக்கும்?"

பெரியவர் நடையைக் கட்டினார். கேள்வி என்னோடு வந்தது.

தோழர்களே! 'நான் யார்?' என்ற வினாவினால் உலகம் அறிந்த ஊர் எங்கள் ஊர். 'நான் எப்படி உருவானேன்?' என்பதும் அதற்குச் சற்றும் குறையாத வினா. அதற்கு விடை தேடியவர்கள் பள்ளத்து நீரில் கிடந்த இந்தக் கருமணியைத்தான் கையில் எடுத்தனர். மனிதக் கரு தாயின் வயிற்றுக்குள் மறைந்து வளர்கிறது. தவளைக் கருவோ வெட்டவெளியில், காண விரும்புவோர் கண்முன்னே வளர்கிறது. ஓர் உயிரணு இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகுவதை உருப்பெருக்கியின் கீழ்த் தெளிவாகக் காணலாம்.

வித்துக்குள்ளே முழு உருவமும் சிறு பொம்மைபோல் மடங்கிக் கிடக்கிறது. வளர்வது என்பது பெருப்பது மட்டுமே என்று 17ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள்கூட நம்பினர். எல்லாம் முன்னரே முடிந்துபோனது என்னும் எண்ணம், பாமரனுக்கு மட்டும் உரியதன்று!

1888இல் ஜெர்மானிய அறிஞர் வில்கெல்ம் ரூ, இரண்டு உயிரணுக்களாகப் பிரிந்திருந்த தவளைக் கருவை எடுத்தார். சுட்ட ஊசியால் ஒன்றைக் குத்திக் கொன்றார். மற்றது வளர்ந்து பாதிக் கருவானது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் அதன் பங்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். தலையெழுத்துக்கு ஆய்வுக்கூடத்திலேயே சான்று கிடைத்ததுபோல் ஆயிற்று. ஆனால் அறிவியல் ஒருவர் சொல்லோடு நிற்பதில்லை. 1891இல் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலியின் கருவில் இரண்டு உயிரணுக்களையும் முற்றாகப் பிரித்தார். இரண்டிலிருந்தும் முழு உயிர் வளர்ந்தது! ரூவின் ஆய்வில், செத்த பாதி உயிருள்ள பாதியோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அதுவே அதனை முழுமை பெறவிடாமல் தடுத்தது. செத்ததைச் சுமந்த உயிர் குறைப்பட்டது. சுமை நீங்கிய உயிர் நிறைவடைந்தது.

1924இல் ஹான்ஸ் ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும், தவளையின் உறவினமான நீர்ப்பல்லியின் கருவில் ஒரு சிறு பகுதியை வெட்டி, வேறொரு கருவில் ஒட்டவைத்தனர். அங்கே அருகிருந்த உயிரணுக்கள் தம் வழியை மாற்றிக்கொண்டு இரண்டாவது உடலையே உருவாக்கின. ஓர் உயிரணு என்னவாகும் என்பதில் அதன் இடத்துக்கும் அண்டை அயலுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டே தீ விபத்தில் மாங்கோல்டு மாண்டார். 1935இல் நோபல் பரிசு ஸ்பேமனுக்கு வந்தது.

பின்னர் ஆய்வுக்கூடங்களில் குடியேறியது தென்னாப்பிரிக்காவின் நகத்தவளை. இயக்குநீர் ஊசி போட்டால் எந்தப் பருவத்திலும் அது முட்டையிடும் என்பதைக் கேப்டவுனில் கண்டறிந்தவர் லான்சலாட் ஹாக்பென். நிறவெறியை வெறுத்த அவர், 1930இல் அந்நாட்டை விட்டே வெளியேறினார். அவர் அறிமுகப்படுத்திய தவளை உலகெங்கும் பரவியது.

அந்தத் தவளையை வைத்துத்தான் இங்கிலாந்தின் ஜான் கர்டன், 1962இல் பெருவியப்பை நிகழ்த்தினார். தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, தன் உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் செலுத்தினார். குடலுக்கென்றே ஆகிவிட்டதாகக் கருதப்பட்ட அந்த உட்கருவிலிருந்து கண்ணும் மூளையும் இதயமும் கொண்ட முழுத் தலைப்பிரட்டை பிறந்தது! 726 முயற்சிகளில் 10 தலைப்பிரட்டைகள்தாம் நன்கு வளர்ந்தன. குறைந்த எண்ணிக்கைதான், ஆனால் 'முடியவே முடியாது' என்ற தீர்ப்பைக் கவிழ்க்க ஒன்றே போதுமே!

அடுத்த கட்டம் மரபணுவையே மாற்றுவது. 1996இல் கிறிஸ்டன் குரோல், என்ரிக் அமயா என்னும் இருவர், தவளையின் விந்தணு உட்கருவில் வேற்று மரபணுவைச் சேர்த்து முட்டைக்குள் செலுத்தும் முறையை வகுத்தனர். சொறிமீனின் ஒளிரும் மரபணுவை இணைத்துவிட்டால், எந்த மரபணு கருவின் எந்த மூலையில், எந்த நேரத்தில் விழிக்கிறது என்பதைப் பச்சை ஒளி காட்டிக்கொடுக்கும். இருளில் நடந்ததற்கு விளக்கு வைத்தாயிற்று!

இதனால் நமக்கென்ன என்பீர். கண் உருவாக வழிசெய்யும் பாக்ஸ்-6 என்னும் மரபணு, தவளைக்கும் உண்டு; மனிதனுக்கும் உண்டு. அது பழுதுபட்டால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையம் இல்லாமலே குழந்தை பிறக்கக்கூடும். 'முற்பிறவிப் பாவம்' என்று அந்தத் தாயைக் குத்துவோர் உண்டு. அதே மரபணுவைத் தவளைக் கருவில் மாற்றி, குறை எப்படி நேர்கிறது என்று ஆராய்வோரும் உண்டு. தாயின் கண்ணீரைத் துடைக்கும் வழி எதில் இருக்கிறது? பழிப்பதிலா, ஆராய்வதிலா?

இதெல்லாம் மேல்நாட்டார் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி என்னும் அம்மையார் இருந்தார்; ஒடிசி நடனத்திலும் வல்லவர். மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்து மழைக்கு மேலே வரும் நம் நாட்டுத் தவளையின் தலைப்பிரட்டைகளை எடுத்து, வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் அவரும் தோழர்களும் வளர்த்தனர். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! 1992இல் அச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளிவந்து உலக அறிஞரை வியக்க வைத்தது.

"மரபணு என்பதும் தலையெழுத்துத்தானே?" என்று மடக்குவோர் வருவர். இல்லை. தலையெழுத்தை எவரும் படித்ததில்லை, சோதித்ததில்லை, திருத்தியதில்லை. மரபணுவைப் படிக்கலாம், சோதிக்கலாம், சிலவற்றைத் திருத்தவும் செய்யலாம். மேலும், குடலின் உட்கருவிலும் கண்ணுக்குரிய ஏடு இருக்கிறது. எந்த ஏடு திறக்கும் என்பதைச் சூழலும் சேர்ந்தே முடிவு செய்கிறது. தவளையைக் காட்டி மனிதனுக்குச் சட்டம் எழுத நான் வரவில்லை. 'பிறக்கும்போதே முடிந்துவிட்டது' என்போரிடம், 'அப்படிச் சொல்ல உமக்குச் சான்று ஏது?' என்று கேட்கவே வந்தேன்.

இன்னொரு செய்தி. 1949இல், 250 மாணவரில் உயிரியலில் கடைசியாக நின்றான் ஒரு சிறுவன். அறிவியலறிஞனாகும் அவன் எண்ணம் நகைப்புக்குரியது என்று எழுதிவைத்தார் ஆசிரியர். அவன்தான் ஜான் கர்டன். 2012இல் நோபல் பரிசு பெற்ற பின்னும், அந்த அறிக்கையைச் சட்டமிட்டு வைத்திருந்தார் அவர்.

இதைப் படித்த இரவு, என் மதிப்பெண் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு பெயருக்கு எதிரே, 'அறிவியல் ஏறாது' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். 'தலையே முளைக்காத முட்டைக்குத் தலையெழுத்து எங்கே?' என்று கேட்டானே, அவன் பெயர்தான் அது. பிரமன் எழுதியதாகச் சொல்கிறோம். எழுதும் கை பல நேரங்களில் நம்முடையது. அந்த வரியை அடித்தேன்.

தோழர்களே! நீங்கள் ஆசிரியராக, பெற்றோராக, ஊர்ப் பெரியவராக இருக்கலாம். எந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? எடுத்துப் பாருங்கள், அடித்துத் திருத்துங்கள்!