நோவு தணிக்கும் குளிசைகள்: ஒரு வரலாற்று நோக்கு

நோவு உடலின் காவலாளி எனலாம். முள் தைத்த காலைத் தூக்கச் செய்வதும், முறிந்த என்பை அசையாது வைக்கச் செய்வதும் அதுவே. ஆயினும் காவலாளியின் கூக்குரல் ஓயாதவிடத்து மனிதன் உறக்கத்தையும் தொழிலையும் இழக்கின்றான். ஆகவே நோவைத் தணிக்கும் வழி தேடுதல் மனிதகுலத்தின் பழைய முயற்சிகளுள் ஒன்றாயிற்று. புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களிலே, கடலோடு மல்லுக்கட்டி வலை இழுப்போர்க்கு மூட்டு நோவும் தலையிடியும் புதியனவல்ல. ஒருகாலத்திற் பரியாரியின் எண்ணெயையும் கொத்தமல்லி அவித்த நீரையுமே பெரிதும் நம்பியிருந்த கரையோர மக்களின் கையிலே இன்று குளிசையும் உண்டு. இக்குளிசை எவ்வாறு வந்தது, அதனால் விளைந்த ஆக்கம் யாது, கேடு யாது என்பன ஆராயத்தக்கன.

இதன் ஒரு கிளை மரப்பட்டையிலே தொடங்குகின்றது. 1763ஆம் ஆண்டில் எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரப்பட்டைத் தூள் காய்ச்சலைத் தணித்தமை பற்றி இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். 1828இல் ஜேர்மனியரான புக்னர் அப்பட்டையினின்றும் சலிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த சலிசிலிக் அமிலம் நோவைத் தணித்ததாயினும் இரைப்பையைப் புண்படுத்திற்று. 1897இல் பேயர் நிறுவனத்து இரசாயனவியலாளர் பீலிக்ஸ் ஹொப்மன் அதனைச் சற்று மாற்றியமைத்தார். 1899இல் அது அஸ்பிரின் என்னும் பெயரோடு உலகச் சந்தையிற் புகுந்தது.

மற்றைக் கிளை ஒரு தவறினால் முளைத்தது. 1886இல் ஸ்ராஸ்பேக் நகரத்து மருத்துவர் இருவர்க்கு, கேட்ட மருந்துக்குப் பதிலாக அசற்றனிலைட்டு என்னும் பொருள் தவறிக் கிடைத்தது. அது காய்ச்சலைத் தணித்தது; ஆனால் நோயாளரின் தோல் நீலம் பாரித்தது. அதற்கு மாற்றாக 1887இல் பினசற்றின் வந்தது. 1948-49இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய புறோடியும் அக்செல்றொட்டும், இவ்விரு பொருள்களும் உடலினுள்ளே பரசிற்றமோலாக மாறியே நோவைத் தணிக்கின்றன எனக் காட்டினர். 1956இல் பரசிற்றமோல் பனடோல் என்னும் பெயருடன் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது.

பினசற்றினின் கதையோ எச்சரிக்கையாய் அமைந்தது. அஸ்பிரின், பினசற்றின், கபீன் ஆகிய மூன்றையுஞ் சேர்த்த தூள்களைத் தொழிலாளரும் இல்லத்தரசியரும் தேநீர் அருந்துவது போல நாள்தோறும் உட்கொண்ட நாடுகள் சில இருந்தன. 1953இல் சுவிற்சர்லாந்து மருத்துவர்களான ஸ்பூலரும் சொலிங்கரும், இத்தகையோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தமையை எடுத்துரைத்தனர். சுவீடனிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே கேடு புலப்பட்டது. அவுஸ்திரேலியாவில் இக்கலவைத் தூள்களின் தடையற்ற விற்பனை 1979இல் நிறுத்தப்பட்டது. நோவுக்காகத் தொடங்கிய பழக்கம், நோவில்லாத நாளிலும் கைவிட முடியாததாய் வளர்ந்தமையே அக்கேட்டின் வேராகும்.

நன்மையும் தீமையும் ஒரே பொருளில் உறைவது எவ்வாறு? 1971இல் பிரித்தானிய அறிஞர் ஜோன் வேன் இதற்கு விடை கண்டார். நோவையும் அழற்சியையும் மிகுவிக்கும் புறொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் உண்டாவதை அஸ்பிரின் தடுக்கின்றது என்பதே அவர் கண்டது. அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரைக் காப்பன. சிறுநீரகத்துக்குக் குருதி குறையாது செல்ல உதவுவன. ஆதலின் நோவைத் தணிக்கும் செயலே புண்ணையும் குருதிப்பெருக்கையும் உண்டாக்க வல்லதாகின்றது. ஐபுபுரோபன், டைக்குளோபினாக் முதலியனவும் இவ்வினத்தவையே. இவ்வாய்வுக்காக வேன் 1982இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

இலங்கையின் பங்கும் ஈண்டு நினைக்கத்தக்கது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்குதல், தேவையற்றவற்றை நீக்குதல், மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோருதல் என்பன அவர் கொள்கைகள். பிபிலே 1977இல் கயானா நாட்டிற் காலமானார். எனினும் ஏழையும் நோவு தணிக்கும் மருந்தைப் பெறவேண்டும் என்ற அவர் நோக்கம் நிலைத்தது. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் அமைந்தது.

மலிவாகக் கிடைத்தல் பெருநன்மையே. மலிவானது தீங்கற்றது எனக் கருதுதலே பிழை. 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோய் ஐயத்துடன் பதிவாயினர். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரினும் ஐபுபுரோபனும் குருதிப்பெருக்கை மிகுவிக்கும். ஆதலாற் பரசிற்றமோல் மட்டுமே விதிக்கப்படுகின்றது. அதுவும் அளவு கடந்தால் ஈரலை அழிக்கும். வளர்ந்தோர்க்குச் சாதாரண உச்ச அளவு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மெலிந்தோர்க்கும் மதுப்பழக்கமுடையோர்க்கும் அதனினுங் குறைவு. அளவு மீறியவர் முதல் நாளில் நலமாகவே தோன்றக்கூடும். அத்தோற்றத்தை நம்பித் தாமதித்தல் உயிருக்கே இடர். மாற்றுமருந்து உண்டு, விரைந்து மருத்துவமனை சேர்ந்தார்க்கே அது முழுப்பயன் தரும்.

கடற்றொழிலாளர்க்கு இன்னோர் அபாயமும் உண்டு. வெயிலிலே வியர்த்து, நீரருந்தாது உழைத்தவன் சிறுநீரகம் குருதிக்குறைவால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அந்நிலையில் டைக்குளோபினாக் போன்ற குளிசையை நாள்தோறும் விழுங்குதல், தளர்ந்தவன் தோளிற் சுமையேற்றுவது போலாம். அவனுக்கு முதன்மருந்து நீரும் ஓய்வுமே. ஆயினும் தொழிலுக்குப் போகாத நாளில் அடுப்பெரியாத வீட்டிலே ஓய்வு எளிதாகக் கிடைப்பதன்று. ஆதலின் இது மருந்தைப் பற்றிய வினாவாக மட்டும் அமையாது, உழைப்பையும் கூலியையும் பற்றிய வினாவாகவும் அமைகின்றது.

அளவும் காலமும் அறிந்து கொள்ளப்படுமாயின் குளிசை நல்ல துணை. சில நாட்களுக்குள் தணியாத நோவு, காவலாளி மீண்டும் மீண்டும் தட்டுங் கதவு. அதனைத் திறந்து காரணத்தை நோக்குதலே அறிவுடைமை. மருந்தை மலிவாக்கிய சமுதாயம், அதனைப் பற்றிய அறிவையும் அவ்வாறே எல்லோர்க்கும் எட்டச் செய்தல் கடனாகும். கற்றோர் ஆற்றத்தக்க தொண்டும் இதுவேயாம்.