கூஷ் எங்கே இருக்கிறது?

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் காமின் மகன் ஒருவனுக்குக் கூஷ் என்று பெயர். அதே ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கீகோன் நதி சுற்றி ஓடும் தேசம் எத்தியோப்பியா. எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது கூஷ் என்ற ஒரே சொல். அப்சலோம் இறந்த செய்தியைத் தாவீதிடம் கொண்டு ஓடியவனைத் தமிழில் ‘கூஷி’ என்று படிக்கிறோம். அது யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் போலத் தோன்றுகிறது. மூலத்திலோ அது ‘கூஷ் நாட்டான்’ என்று பொருள்படும் இனப்பெயர். தாவீதின் தளபதி யோவாபின் படையில் ஓர் ஆப்பிரிக்கன் இருந்தது இப்படித்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தமிழில் பெயர்த்தவர்கள்மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பே மூதாதைக்குப் பழைய பெயரை விட்டுவைத்து, நாட்டுக்கு மட்டும் ‘ஐத்தியோப்பியா’ என்று எழுதிவிட்டது.

இரண்டு சொற்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. கூஷ் என்பது அண்டை நாட்டார் அனைவரும் அறிந்திருந்த நாட்டுப் பெயர். எகிப்தியக் கல்வெட்டுகளிலும் அசீரிய, பாரசீக ஆவணங்களிலும் அதன் வடிவங்கள் உண்டு. எகிப்துக்குத் தெற்கே நைல் கரையில், கெர்மா, நபாட்டா, மெரோவே என்று தலைநகரங்கள் மாறி மாறி வளர்ந்த அரசு அது. இன்றைய சூடானின் வடபகுதி. கிரேக்கச் சொல்லுக்கோ ‘வெந்த முகத்தார்’ என்று பொருள் சொல்வது வழக்கம். நாட்டின் பெயர் இருந்த இடத்தில் தோலின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய எத்தியோப்பியாவின் வடபகுதியில் இருந்த அக்சூமின் அரசன் எசானா அந்தக் கிரேக்கப் பெயரைத் தன் நாட்டுக்குச் சூட்டிக்கொண்டான். அதனால் இன்றைய வாசகர் எத்தியோப்பியா என்றதும் அடிஸ் அபாபாவை நினைக்கிறார். வேதாகமம் பேசுவதோ பெரும்பாலும் கார்ட்டூமுக்கு வடக்கே உள்ள நிலத்தை.

பெயரை இடத்தில் பொருத்திவிட்டால் வரலாறும் தெளிகிறது. எருசலேமை அசீரிய மன்னன் சனகெரிப் நெருக்கிய கி.மு. 701இல் எகிப்தை ஆண்டது கூஷ் நாட்டு அரச மரபு, அதாவது 25ஆம் வம்சம். அப்போது அசீரியனை எதிர்த்துப் புறப்பட்டவனாக இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்லும் திராக்கா, நூரியில் பிரமிடு எழுப்பிய கூஷ் மன்னன் தஹர்காவேதான். அவன் முடிசூடியது கி.மு. 690இல், ஆகவே ‘ராஜா’ என்பது பின்னால் எழுதியவர் முன்தேதியிட்டுத் தந்த பட்டமாக இருக்க வேண்டும். ஆளும் அரசும் மெய். யூதாவின் எழுத்தாளர்களுக்குக் கூஷ் என்றால் அடிமைச் சந்தை நினைவுக்கு வரவில்லை, படைதான் வந்தது.

கூஷ் எல்லா இடத்திலும் ஆப்பிரிக்காதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூஷின் மகனாகச் சொல்லப்படும் நிம்ரோத் ஆள்வது பாபிலோனை. அங்கே, பாபிலோனை ஒருகாலத்தில் ஆண்ட காசைட்டுகளின் பெயர் கலந்திருக்கலாம். ஆபகூக்கில் மீதியானோடு சேர்ந்து வரும் கூஷானை வைத்து, மோசேயின் கூஷ் நாட்டு மனைவி மீதியானியப் பெண் சிப்போராளே என்பாரும் உண்டு. அந்த ஓரிடத்தை ஐயத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் எரேமியாவில் ஐயமில்லை. சிறுத்தைக்குப் புள்ளி எப்படியோ அப்படிக் கூஷ் நாட்டானுக்குத் தோல் என்று சொல்லுமிடம் கறுப்பு மக்களைத்தான் குறிக்கிறது. அது இழிவுரை ஆகாதா என்றால், ஆகாது. அங்கே கண்டிக்கப்படுவது யூதாவின் மாறாத தீக்குணம். அதே எரேமியாவைச் சேற்றுக் கிடங்கிலிருந்து தூக்கிவிட்டவன் அரண்மனையில் இருந்த எபெத்மெலேக் என்ற கூஷ் நாட்டான். கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளை வைத்துக்கொள்ளச் சொன்ன கரிசனமும் அவனுடையது. அடிமை வணிகத்துக்குத் துணையாகப் பின்னாளில் இழுக்கப்பட்ட ‘காமின் சாபமும்’ மூலத்தின்முன் நிற்காது. நோவாவின் சாபம் விழுந்தது கானான்மேல். கூஷின் பெயர் அதில் இல்லவே இல்லை.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் காசாவுக்குப் போகும் வழியில் ஏசாயாவைப் படித்துக்கொண்டு ரதத்தில் வரும் ‘எத்தியோப்பிய’ மந்திரியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவனுடைய அரசியைக் குறிக்கும் ‘கந்தாகே’ ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் அல்ல. மெரோவேயின் அரசிகளுக்கும் அரசத் தாய்களுக்கும் உரிய பட்டம். கூஷியில் இனப்பெயர் ஆட்பெயரானது போல, இங்கே பட்டம் ஆட்பெயராகிவிட்டது. அந்த மந்திரி பொறுப்பேற்றிருந்த கருவூலமும் மெரோவேயினுடையதுதான், அக்சூமினுடையது அல்ல.