பெரியதாழையில் நட்ட குச்சி: தென்கடற்கரையில் நிழல் பாடமான வரலாறு

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் பெரியதாழை ஏறத்தாழ 8.3 பாகை வட அகலாங்கில் அமைந்த ஊர். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 11-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டியும், சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் நிழல் தெற்கே, கடற்பக்கமாகச் சாயும்; மற்ற மாதங்களில் வடக்கே திரும்பிவிடும். ஒரு மீட்டர் குச்சிக்கு ஜூன் 21-இல் 27 செ.மீ. தெற்கு நிழல், டிசம்பர் 22-இல் 62 செ.மீ. வடக்கு நிழல். டெல்லியில் நண்பகல் நிழல் ஒருநாளும் தெற்கே திரும்பாது. ஆகவே வேறெந்த ஊருக்கோ வரைந்த படத்தைக் காட்டி இந்தக் கரைப் பிள்ளைக்கு நிழலைக் கற்பிக்க முடியாது; அதன் முற்றத்தில் விழும் நிழலையே அது அளந்து பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மை பள்ளிக்கூடத்துக்குள் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

நிழலை அளக்கும் அறிவு பாண்டிய நாட்டுக்குப் புதியதல்ல. பாண்டியன் நெடுஞ்செழியனின் அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும் நெடுநல்வாடை, கதிரவன் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்ததைக் கூறுகிறது. உரை வகுத்த நச்சினார்க்கினியர் அந்த நாளைச் சித்திரையின் நடுப்பத்து நாள்களில் ஒன்றாகக் கொள்கிறார். இன்று மதுரைக்கு நிழலில்லா நாள் சித்திரை பிறந்து ஓரிரு நாளிலேயே வந்துவிடுகிறது. பெரியதாழையில் அது பங்குனியின் கடைசி நாள்களிலேயே வந்துவிடுகிறது. உரையாசிரியர் பிழைபடவில்லை. நம் பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவதால், பருவங்களோடு ஒப்பிட அது எழுபது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பின்தங்குகிறது. உரை எழுந்ததாகக் கருதப்படும் 14-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னோக்கிப் போனால் ஒன்பது நாள் வேறுபாடு. அக்காலத்து மதுரையில் சித்திரை 11, 12 வாக்கில் நிழல் மறைந்திருக்கும். கணக்கும் உரையும் இவ்வளவு நெருங்கி வருவது வியப்பளிக்கிறது.

ஆனால் இது நூலறி புலவரும் தச்சரும் கணியரும் வைத்திருந்த அறிவு. சிறுவருக்கான கல்வி மனப்பாடத்தின் வழியே நடந்தது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தும், வாயில் எண்சுவடியும். 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் பரதவர் ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறையே. வெயிலும் நிழலும் விளையாட்டில் மட்டும் இருந்தன. ‘வெயிலா நிழலா’ என்று கேட்டு ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் பிள்ளைகள் நிழலின் எல்லையைக் கூர்மையாகவே கவனித்தார்கள். அந்தக் கவனிப்புக்குப் பாடத்தில் இடமில்லை.

பிள்ளை நிழலை எப்படி நினைக்கிறது என்பதைக் கேட்டறிந்து எழுதியவர் உளவியலாளர் ஜான் பியாஜே. அவரது 1927-ஆம் ஆண்டு நூலின்படி, ஐந்து வயதுப் பிள்ளை நிழலை இருட்டிலிருந்து வரும் ஒரு பொருளாகக் காண்கிறது; ஒளி மறைக்கப்படுவதே நிழல் என்பது ஒன்பது வயதை ஒட்டித்தான் தெளிகிறது. சொல்லிக்கொடுத்தால் மட்டும் இத்தெளிவு வந்துவிடாது. 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய மரியா மாண்டிசோரி, கையால் தொட்டறியும் கல்வியைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே வளர்த்தார். ஆனால் அது எட்டிய பள்ளிகள் சிலவே.

ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கு இந்த வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 16 கிராமப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் தொடங்கியது. 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1987-இல் அதன் ‘துளிர்’ சிறுவர் இதழ் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அதன் அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் வகுப்பறையை மாற்றின என்பது உண்மை. ஆனால் பிள்ளையை முற்றத்துக்கு அழைத்துவந்தது வானம்தான். 1980 பிப்ரவரி 16 கிரகணத்தின்போது நாட்டில் பலர் கதவடைத்து வீட்டுக்குள் இருந்தார்கள். 2010 ஜனவரி 15 பிற்பகலில் வளையக் கிரகணப் பாதை கன்னியாகுமரி, தூத்துக்குடி, இராமேசுவரம் வழியே இந்தக் கரை முழுவதையும் தொட்டபோது, மக்கள் சூரியக் கண்ணாடியோடு வெளியே வந்தார்கள். மரத்தடியில் விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் உருவமே என்பதை அன்று வளையமாகக் கண்டறிய முடிந்தது. நிழலில்லா நாளைப் பள்ளிகளில் அனுசரிக்கும் வழக்கம் அதற்குப் பின் பரவியது.

பெரியதாழையில் இதற்கு வேண்டிய கருவி மிகச் சொற்பம். தேரி மணலையோ பள்ளி முற்றத்தையோ சமப்படுத்தி, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்த்து ஒரு மீட்டர் குச்சியை நடவேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கிளிஞ்சல் வைக்கலாம். கிளிஞ்சல்கள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து வரிசையாகும். மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டு மணிக்கு வராது, ஏப்ரலில் 12.19-ஐ ஒட்டி வரும். இந்திய நேரம் 82.5 பாகை நெடுவரைக்கு உரியது. பெரியதாழை அதற்கு மேற்கே நாலரைப் பாகை தள்ளியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ‘அடுத்த கிளிஞ்சல் எங்கே வரும்?’ என்று முன்கூட்டிக் கேட்பதும், பிள்ளை காட்டிய இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் காத்திருப்பதுமே அந்த வயதுக்கான பாடம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

உயர் வகுப்புப் பிள்ளைகள் இதே குச்சியைக் கொண்டு பூமியை அளக்கலாம். பெரியதாழையில் நிழல் மறையும் ஏப்ரல் நாளில் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்கு 8 செ.மீ. நிழல் இருக்கும். அந்த நிழல் காட்டும் கோணத்தையும் வடக்கு தெற்காக உள்ள தொலைவையும் வைத்து, பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த கணக்கை இரு பள்ளிகள் சேர்ந்து செய்துவிடலாம்.

எனினும் ஏப்ரல் ஆண்டுத்தேர்வுக் காலம். இக்கரைக்கு ஆகஸ்ட் இறுதியே ஏற்றது. பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆகஸ்டில் பெரும்பாலும் வெயில் கிடைக்கும், பள்ளியும் நடக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் குச்சியை நட்டு வாரம் ஒருமுறை நண்பகல் நிழலைக் குறித்துவந்தால், தெற்கு நிழல் சுருங்கி ஆகஸ்ட் 31 வாக்கில் மறைவதையும், செப்டம்பரில் வடக்கே முளைப்பதையும் ஒரே பருவத்துக்குள் பிள்ளைகள் தம் நோட்டிலேயே பதிவுசெய்துவிடுவார்கள்.