சான்றும் சல்லடையும்: தமிழ்நாட்டில் பள்ளியிறுதி மதிப்பெண்ணின் வரலாறு (1857–2025)

முன்னுரை

தமிழ்நாட்டின் பல வீடுகளில் நிலப் பத்திரங்களோடு சேர்த்து ஒரு மெல்லிய புத்தகத்தையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், பாடவாரியான மதிப்பெண்கள், தலைமையாசிரியரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குச் சேர்வதில் தொடங்கி ஓய்வு பெறுவது வரை ஒருவரின் வயதை மெய்ப்பித்ததும் அந்தப் புத்தகம்தான்.

பள்ளியிறுதிச் சான்றிதழ் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலைகளைச் சுமந்து வருகிறது. ஒரு மாணவர் பள்ளியில் என்ன கற்றார் என்று சொல்வது முதல் வேலை. அப்போது அது சான்று. அடுத்த படிக்கு யாரை அனுப்பலாம் என்று பிரித்துத் தருவது இரண்டாவது வேலை. அப்போது அது சல்லடை. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே தமிழ்நாட்டு உயர்நிலைக் கல்வியின் பாடவிதிகளையும் மதிப்பெண் முறைகளையும் வடிவமைத்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆசிரியரின் மதிப்பீட்டைச் சமூகம் எந்த அளவுக்கு நம்பியது என்ற கேள்வி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் இருக்கிறது.

1. மெட்ரிகுலேஷன்: பல்கலைக்கழகம் வைத்த தேர்வு

சார்லஸ் உட் 1854-இல் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பள்ளிப் படிப்பின் எல்லையைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷனே முடிவு செய்தது. பள்ளி தனக்கென்று வகுத்துக்கொண்ட இறுதித் தேர்வு எதுவும் இல்லை. கல்லூரிக்கு எது தேவையோ அதுவே பள்ளிக்குப் பாடமாயிற்று. அரசு அலுவலகங்களும் மெட்ரிகுலேஷன் தேர்ச்சியைத் தகுதியாகக் கொண்டதால், கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாதவரும் அதே வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இதன் குறையை அரசே உணர்ந்திருந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, உயர்வகுப்புகளில் இரண்டு பிரிவுகள் வேண்டும் என்றது. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்வது. மற்றது வணிகம் முதலான நடைமுறைத் தொழில்களுக்கானது. ஆனால் மதிப்பு முழுவதும் மெட்ரிகுலேஷனிடமே இருந்ததால் இரண்டாம் பிரிவு வேரூன்றவில்லை. மாற்றுப் பாதையைத் திறந்துவிட்டு அதற்குரிய மதிப்பைக் கொடுக்காமல் விடுவது, பின்னர் நம் தொழிற்கல்விப் பிரிவுகளிலும் தொடர்ந்த பிழை.

அக்காலத் தேர்வுமுறையின் இன்னொரு தூண், எல்லாப் பாடங்களிலும் தேர வேண்டும் என்ற விதி. கணிதமேதை இராமானுஜன் 1903-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறி, உதவித்தொகையோடு 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்த அவர் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும், 1907-இல் எழுதிய எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். கல்லூரி நிலையில் நடந்தது என்றாலும், பள்ளியையும் கல்லூரியையும் ஒன்றாக ஆண்ட விதி இது. ஒரு துறையில் எவ்வளவு உயர்ந்தாலும் மற்றொன்றின் குறையை அது ஈடுசெய்யாது. 35 மதிப்பெண் என்ற கோட்டோடு அந்த விதி இன்றும் நம் பள்ளிகளில் வாழ்கிறது.

2. 1911: பள்ளிக்கென்று ஒரு சான்று

சென்னை மாகாணத்தில் 1911-இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவருக்குப் பள்ளியின் பெயரால் சான்று தருவது அதன் நோக்கம். பாடங்கள் மூன்று தொகுதிகளாகப் பிரிந்தன: கட்டாயமாகப் படித்துப் பொதுத்தேர்வும் எழுத வேண்டியவை, கட்டாயமாகப் படித்தாலும் பள்ளியே மதிப்பிடுபவை, மாணவர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விருப்பப் பாடங்கள். உயர்வகுப்புகளில் ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்களும் பொதுத்தேர்வு மதிப்பெண்களும் ஒரே புத்தகத்தில் பதிவாயின. தொடக்க வடிவில் தேர்ச்சி, தோல்வி என்ற முத்திரையே அதில் இல்லை. மாணவர் எப்படிப் படித்தார் என்பதைப் புத்தகம் சொல்லும். அதைப் பார்த்து வேலை கொடுப்பவரும் கல்லூரியும் தத்தம் முடிவை எடுக்கட்டும் என்பதே எண்ணம்.

சான்றையும் சல்லடையையும் பிரித்துவைக்க நம் மண்ணில் நடந்த முதல் முயற்சி என்று இதைக் கொள்ளலாம். ஆனால் கல்லூரி இடங்கள் குறைவு, விண்ணப்பித்தவர்கள் மிகுதி. யாரைச் சேர்க்கலாம் என்பதற்குப் பல்கலைக்கழகம் தனி வரையறை வைத்தது. 'எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்', 'எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிள்' என்று இரண்டு தகுதிகள் பேச்சுவழக்கில் நிலைத்தன. கல்லூரிக்குத் தகுதி பெறாதவரை ஊர் 'பெயில்' என்றே அழைத்தது. புத்தகத்தில் இல்லாத தோல்வியைச் சமூகம் தானே எழுதிக்கொண்டது.

3. முதலியார் குழுவும் பாடத் தேர்வின் விலையும்

விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), பொதுத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், இறுதி மதிப்பீட்டில் பள்ளிப் பதிவுகளுக்கு இடம் தரவும், எண்களுக்குப் பதிலாகக் குறியீடுகளால் தரமிடவும் பரிந்துரைத்தது. பல்வகைத் தொழிற்பிரிவுகளைக் கொண்ட பள்ளிகள் வேண்டும் என்றும் சொன்னது. 1911-இன் எண்ணமே நாடு தழுவிய மொழியில் மீண்டும் பேசியது. பல்வகைப் பள்ளிகள் ஓரளவு வந்தன. மதிப்பீட்டைப் பற்றிய பரிந்துரைகள் அறிக்கையோடு நின்றன.

இதே காலத்தில், இரண்டாண்டு இன்டர்மீடியட்டுக்குப் பதிலாக ஓராண்டு பி.யூ.சி. வந்தது. பதினோராம் வகுப்பு வரை பள்ளி, ஓராண்டு பி.யூ.சி., மூன்றாண்டுப் பட்டம் என்ற ஏணி அமைந்தது. பாடத் தேர்வு அப்போதே எதிர்காலத்தைக் கட்டுப்படுத்தியது. உயர்நிலை வகுப்பில் பொதுக் கணிதமா, காம்போசிட் மேத்ஸா என்ற முடிவை எடுக்கும் பிள்ளைக்கு வயது பதினான்கோ பதினைந்தோ. கல்லூரியில் கணிதம் படிப்பதற்கான வழி அந்த ஒரு முடிவில் அடங்கியிருந்தது. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இதைச் சொல்லித்தர ஆள் இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு, அப்படியொரு வாசல் இருந்ததே மூடிய பிறகுதான் தெரிந்தது.

மொழிப்பாட விதியும் இக்காலத்தில்தான் தீர்ந்தது. 1938-இல் இந்தி கட்டாயமானபோது எழுந்த எதிர்ப்பு, 1965-இல் பெரும் போராட்டமாயிற்று. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழ்நாட்டில் ஒரு பாடவிதி இவ்வளவு பெரிய மக்கள் இயக்கத்தால் முடிவானதற்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை.

4. பிளஸ் டூவும் கட்-ஆஃபும்

கோத்தாரி குழு (1964–66) முன்வைத்த 10+2+3 அமைப்பைத் தமிழ்நாடு 1978-79-இல் ஏற்றது. பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. பி.யூ.சி. மறைந்து, மேல்நிலைப் பள்ளிகள் எழுந்தன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. கூட்டிப் பார்த்தால் முன்பும் பின்பும் பதினைந்து ஆண்டுகளே. நகரத்துக் கல்லூரியில் இருந்த ஓராண்டு, ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு இடம் மாறியது. வெளியூர் அனுப்பத் தயங்கிய வீடுகளின் பெண்பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்த வாய்ப்பு பெரிது.

ஆறு பாடம், பாடத்துக்கு 200, மொத்தம் 1200, தேர்ச்சிக்கு 70. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. மீதி நான்கு பாடங்கள் 'குரூப்' என்ற பெயரில் கட்டாகக் கிடைத்தன. எந்த குரூப் என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே பெரும்பாலும் முடிவு செய்தது. இயற்பியலோடு வரலாறு படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்தக் கட்டில் இடம் இல்லை.

1980-களின் நடுவில் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பொறியியலுக்குக் கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் 50-க்கு 50-ஆகவும் சுருக்கப்பட்டு, நுழைவுத் தேர்வின் 100-உம் சேர்ந்து 300-க்கு கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. பயிற்சி வகுப்புக்குச் செல்ல முடிந்த நகரத்து மாணவருக்கே இது சாதகம் என்ற வாதம் வலுத்தது. மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2006-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2007-இல் நுழைவுத் தேர்வு நீங்கியது. கட்-ஆஃப் 200-க்கு இறங்கியது.

நோக்கம் நேர்மையானது, பலனும் இருந்தது. ஆனால் சல்லடையின் முழுப் பாரமும் அப்போது பிளஸ் டூ விடைத்தாளின் மேல் விழுந்தது. அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறியது. கட்-ஆஃப் சமமானால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு பிறந்த தேதி, அதுவும் சமமானால் ரேண்டம் எண் என்று பிரித்தார்கள். கட்-ஆஃபில் சேராத பிளஸ் ஒன் பாடத்தைப் பல தனியார் பள்ளிகள் ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே நடத்தின. தமிழும் ஆங்கிலமும் தேறினால் போதும் என்ற பாடங்களாயின.

5. சமச்சீரும் 2017-உம்

மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கச் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. ஆட்சி மாறியபோது நிறுத்தப்பட இருந்த அதை, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவமுறையும் தொடர் மதிப்பீடும் வந்தன: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்தது. ஆசிரியரின் அன்றாட மதிப்பீட்டுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஆனால் பொதுத்தேர்வு நடக்கும் பத்தாம் வகுப்பின் வாசலில் அந்தப் பயணம் நின்றுவிட்டது.

2017-இல் மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. மே மாதம் மாநில முதலிடப் பட்டியல் கைவிடப்பட்டது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. பாட மதிப்பெண் 200-லிருந்து 100 ஆனது. அக மதிப்பீட்டுக்கு 10 ஒதுக்கப்பட்டது. இரு ஆண்டுக்கும் 600 வீதம் கூட்டி 1200 என்பது முதல் திட்டம். 2018-இல் அது மாறி, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மட்டுமே போதும் என்றானது.

அந்த 2017-இலேயே நீட் தேர்வு மருத்துவச் சேர்க்கையைப் பள்ளியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1200-க்கு 1176 பெற்றும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்ட மாணவி அனிதாவின் மரணம், மாநிலத்தின் மனத்தில் ஆறாத கேள்வியாக நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் சான்று ஒரே நாளில் பொருளற்றுப்போகுமா? அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த 2020 சட்டம், எங்கே படித்தார் என்பதும் சான்றின் பகுதிதான் என்று ஏற்றுக்கொண்ட விடை.

6. தேர்வில்லாத இரண்டு ஆண்டுகள்

கொரோனாக் காலம் வேண்டாத ஒரு சோதனையை நம் கையில் கொடுத்தது. 2020-இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் தரப்பட்டது. 2021-இல் பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பினர் மதிப்பெண்ணே இல்லாமல், தேர்ச்சி என்ற சொல்லோடு வெளியே வந்தார்கள். பல ஆண்டுப் பதிவைச் சேர்த்துப் பார்ப்பதும், தோல்வி என்ற முத்திரை இல்லாத சான்றும் 1911-இன் கனவுகள். நெருக்கடி அவற்றை நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நிறைவேற்றியது. நெருக்கடி தீர்ந்ததும் பழைய முறை திரும்பியது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

7. நம்பிக்கை என்னும் முடிச்சு

ஆசிரியரின் பதிவுக்கு எடை தரும் எண்ணம் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது? கல்லூரி இடங்களின் பற்றாக்குறை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் சாதி. பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவரின் பெயர் இல்லை. திருத்துபவர் கண்ணில் படுவது டம்மி எண் மட்டுமே. யாருடைய பிள்ளை, எந்தத் தெரு என்று தெரியாத ஒருவர் இடும் மதிப்பெண், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவதும் இதே எச்சரிக்கையால்தான். பொதுத்தேர்வை நம் மக்கள் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதில் அனுபவம் தந்த நியாயம் இருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் தேர்வே வேண்டாம் என்பது, வகுப்பறையின் உண்மையை அறியாத பேச்சு.

ஆனால் மூன்று மணி நேரத் தாளால் அளக்க முடியாதவை பல: ஆய்வகத்தில் காட்டும் பொறுமை, மேடையில் பேசும் தெளிவு, ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிப் பன்னிரண்டில் நிமிர்ந்த வளர்ச்சி. இவற்றைக் கண்டவர் ஆசிரியர் ஒருவரே.

முடிவுரை

ஒன்றரை நூற்றாண்டில் நாம் மாற்றியவை பெரும்பாலும் எண்களே: 1200, 600, 300, 200. ஒரே தாள் சான்றாகவும் சல்லடையாகவும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றவில்லை. 1911-இன் திட்டம் அதை மாற்றப் பார்த்தது. ஆசிரியரின் பதிவை நம்பத்தக்கதாக்கும் வழிமுறை அன்று இல்லாததால் நிலைக்கவில்லை. இன்று அந்த வழிமுறைகள் நமக்குத் தெரியும். அக மதிப்பீட்டை வேறு பள்ளி ஆசிரியர் பெயர் மறைத்துச் சரிபார்க்கலாம். ஆண்டுதோறும் பதிவைப் பெற்றோருக்குத் திறந்து காட்டலாம். குரூப் கட்டை அவிழ்த்து, விரும்பிய பாடங்களைச் சேர்த்துப் படிக்க விடலாம். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு மற்றவற்றில் கற்றதையாவது சான்றளித்து அனுப்பலாம். கும்பகோணத்தில் 120 ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகையை இழந்து நின்ற மாணவருக்கு அந்தச் சான்று கிடைக்கவில்லை. இந்த ஆண்டு தேர்வு முடிவு நாளில் அப்படி நிற்கப்போகும் பிள்ளைகளுக்காவது அது கிடைக்க வேண்டும்.