வேலை அனுமதிச் செலவு (மலேசியா)

வேலை அனுமதிச் செலவு என்பது, அயல்நாட்டில் உழைத்துப் பிழைக்க விரும்பும் ஒருவர் சொந்த ஊரை விட்டுப் புறப்படும் நாள் முதல் அந்நாட்டில் முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கும் நாள் வரையில், இரு நாட்டு அரசாங்கங்களுக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும், காப்பீட்டுக்கும், பிரயாணத்துக்கும், இடைநின்று ஆள் சேர்ப்போருக்கும் செலுத்தப்படும் பணம் அனைத்தையும் குறிக்கும். தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அதனை யார் செலுத்துகிறார் என்பதே இதில் முக்கியமான வினா; முதலாளி செலுத்தினால் வியாபாரச் செலவாக முடிந்துபோகும் அதே பணம், தொழிலாளியின் தலையில் விழும்போது வட்டியோடு வளரும் கடனாகிறது. நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர் வந்திறங்கிய, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இவ்வினாவுக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை தந்திருக்கிறது.

ஒப்பந்தக் கூலி முறையில் கப்பற் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டன. ஆகவே அவர் கரையிறங்கும்போதே கடனாளியாக இறங்கினார். 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் நிறைவேறி, தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளி ஒவ்வொருவரும் அவர்கள் வேலை செய்த நாட்களின் கணக்குக்கேற்ப வரி செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டதும் இந்நிலை மாறத் தொடங்கியது. அந்நிதியைக் கொண்டு இந்தியக் குடியேற்றக் குழு, ஆவடியிலும் நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாகோவிலிலும் முகாம்கள் நடத்தி, அங்கே திரண்டோரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்காமுக்கும் இலவசமாக அனுப்பியது. 1910-இல் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டதற்கும், தோட்டத்துக் கங்காணி தம் சொந்தக் கிராமத்துக்கே சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்துவரும் முறை ஓங்கியதற்கும் இந்நிதியே பேராதாரம். தோட்டத்துக் கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்ற அளவிலேயே நின்ற அக்காலத்தை எவரும் பொற்காலம் என்று போற்றமாட்டார். கங்காணியின் தலைக்காசும் அதிகாரமும் தொழிலாளரைப் பிணித்திருந்தன என்பதும் மெய். ஆயினும், வரும் செலவை அழைப்பவனே ஏற்க வேண்டும் என்னும் நியாயம் அன்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

1938-இல் இந்திய அரசாங்கம், இத்தகைய உதவி பெற்றுத் தொழிலாளர் புலம்பெயர்வதைத் தடை செய்தது; 1953-இல் மலாயாவில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வாயிலை மேலும் குறுக்கியது; 1968-ஆம் ஆண்டின் வேலை கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் யாவரும் வேலை பெர்மிட் பெற வேண்டும் என்று விதிக்கவே, பிறந்தது முதல் தோட்டத்திலேயே வாழ்ந்தும் குடியுரிமைப் பத்திரம் வாங்காதிருந்த பல்லாயிரம் தமிழர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களுக்கு அந்தச் சிறு காகிதத்தின் விலை ஒரு நாட்டின் விலையாக இருந்தது.

இன்றைய முறையில் பிரதானச் செலவு, லெவி எனப்படும் ஆண்டு வரி. 1990-களின் தொடக்கத்தில் தோன்றிய இவ்வரி, 2016 மார்ச் முதல் தீபகற்ப மலேசியாவில் உற்பத்தி, கட்டுமானம், சேவைத் துறைகளுக்கு 1,850 வெள்ளியாகவும், தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் 640 வெள்ளியாகவும் வகுக்கப்பட்டது. (ரிங்கிட்டை இந்நாட்டுத் தமிழர் வழக்கப்படி வெள்ளி என்றே இங்குக் குறித்துள்ளோம்.) அவ்வாண்டின் தொடக்கத்தில் 2,500, 1,500 என்று அறிவிக்கப்பட்ட விகிதங்கள், முதலாளிமார் சங்கங்களின் எதிர்ப்பால் சில வாரங்களில் இவ்வளவுக்கு இறங்கின. லெவியோடு, தற்காலிக வேலை அனுமதிக்கு 60, விண்ணப்பப் பரிசீலனைக்கு 125, இந்தியருக்கான விசாவுக்கு 50, மருத்துவமனைக் காப்பீட்டுக்கு 120, மருத்துவப் பரிசோதனைக்கு நெடுங்காலம் இருந்துவந்த விகிதப்படி ஆணுக்கு 180 என்று கூட்டினால், உணவகத் தொழிலாளி ஒருவருக்கு முதலாண்டுச் செலவு ஏறத்தாழ 2,400 வெள்ளியும், தோட்டத் தொழிலாளிக்கு அதில் பாதியும் ஆகின்றன. இந்தியருக்கென முதலாளி கட்டும் 750 வெள்ளி ஜாமீன் தொகை, தொழிலாளி முறைப்படி நாடு திரும்பியதும் மீளக் கிடைக்கும்.

இந்த லெவியை ஏற்பவர் யார் என்பதில் அரசாங்கத்தின் கொள்கை நிலையாக நின்றதில்லை. 2009-இல் முதலாளியே செலுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அமலுக்கு வந்தபோது, முதலாளிகளின் சுமையைக் குறைப்பதற்காக அது தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்பட அனுமதிக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் மீண்டும் முதலாளியின் பொறுப்பாயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், மாதம் 900 வெள்ளிக்கு உழைத்தவரிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான வரியை அரசாங்க அனுமதியோடே பிடிக்க முடிந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1907-ஆம் ஆண்டின் வரி தொழிலாளியை அழைத்துவரப் பயன்பட்டது. இன்றைய லெவியோ அரசாங்கக் கருவூலத்தைச் சேர்கிறது. அயல்நாட்டாரை அமர்த்தும் ஆசையைக் குறைப்பதே அதன் நோக்கம் எனப்படுகிறது.

கல்வித் தகுதியுடையோர் பெறும் நிபுணத்துவ அனுமதிக்கு லெவி கிடையாது. ஆண்டுக்கு 200 வெள்ளிக் கட்டணமும் பரிசீலனைக் கட்டணமுமே உண்டு. மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஊதியம் பெறுவோர், 5,000-க்கு மேற்பட்டோர், 3,000-க்கு மேற்பட்டோர் என்னும் மூன்று வகுப்புகளாக அது நெடுங்காலம் பகுக்கப்பட்டிருந்தது. சைபர்ஜெயாவிலோ பங்சார் சவுத்திலோ கணினித் துறையில் அமரும் சென்னை இளைஞரின் அனுமதிச் செலவு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் பரோட்டா போடும் இராமநாதபுரத்து இளைஞரின் அனுமதிச் செலவைவிடக் குறைவு.

எனினும், இதுவரை சொன்ன கட்டணங்கள் எல்லாம் ரசீது உள்ள செலவுகள். தொழிலாளியை முறித்துப்போடுவது ரசீது இல்லாத செலவே. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். இது மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளிக்குக் கிட்டத்தட்டச் சமம். பத்தாம் வகுப்புத் தேறாதோர் மலேசியா செல்லச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியும், இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டிப் பெறும் 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் வேண்டும். இவற்றையெல்லாம் விலக்கி, நகையை அடகுவைத்தும் நிலத்தை ஈடுவைத்தும் பல மடங்கு பணத்தை ஊர்த் தரகரிடம் கொடுத்துவிட்டு வருவோர் உண்டு.

இம்மறைமுகச் செலவு பகிரங்கமாகக் கணக்கிடப்பட்ட அரிய சந்தர்ப்பம் ஒன்று கிள்ளானிலேயே நிகழ்ந்தது. மேருவில் ஆலைகளை உடைய டாப் குளோவ் என்னும் கையுறை நிறுவனத்தின் சரக்குகளை, கட்டாய உழைப்பு என்ற ஐயத்தின் பேரில் 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. அதன் விளைவாக அந்நிறுவனம், சுமார் 10,000 தொழிலாளர் தத்தம் நாட்டு ஏஜெண்டுகளுக்குக் கொடுத்திருந்த கட்டணங்களுக்கு ஈடாக ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. தலைக்கு 13,000 வெள்ளிக்கு மேல் என்னும் இந்தச் சராசரியை முன்சொன்ன 2,400-உடன் வைத்துப் பார்த்தால், மலேசியாவின் வேலை அனுமதியில் விலை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

பிற நாட்டாரோடு ஒப்பிடுகையில், நேபாளம் 2015-இல் விசாவும் விமானச் சீட்டும் தொழிலாளிக்கு இலவசமாக இருக்க வேண்டும் என்று விதித்து, 2018 அக்டோபரில் மலேசியாவுடன் செய்த உடன்படிக்கையில் அச்செலவுகளை முதலாளிமேல் சுமத்தியது. வங்காளதேசம் 78,990 டாக்கா என்று உச்சவரம்பு நிர்ணயித்தது. நடைமுறையிலோ தொழிலாளர் பல லட்சம் டாக்கா கொடுத்தே வந்தனர். சிங்கப்பூரில் ஏஜெண்டு தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கலாகாது என்பது சட்டம். இந்தியாவும் மலேசியாவும் 2024 ஆகஸ்டில் ஆட்சேர்ப்பு குறித்துப் புதிய ஒப்பந்தம் செய்துள்ளன. காகிதத்தில் எழுதிய வரம்பு, அதை மீறுவோரைத் தேடித் தண்டிக்கும் அலுவலகம் இல்லாத இடத்தில் பயன் தராது என்பது வங்காளதேசத்தின் அனுபவத்தால் புலப்படுகிறது.

தமிழருக்கே உரிய தொழில்களாகக் கருதப்படும் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைப் பட்டறை ஆகிய மூன்றிலும் அயல்நாட்டுத் தொழிலாளருக்கான அனுமதி பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்து, 2023-இல் 7,500 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் கடை நடத்துவோரின் நெடுநாள் கோரிக்கை இது. ஆள் பற்றாக்குறையால் கடைகள் மூடப்படுவது மெய்யான துயரமே; ஆனால் வருகிற இளைஞர் தம் செலவுக்கு ஊரில் கடன்பட்டு வந்தால், கடைக்காரரின் துயரம் தொழிலாளிக்கு இடம் மாறியதேயன்றித் தீர்ந்ததாகாது. பெர்மிட் குறிப்பிட்ட முதலாளியின் பெயருக்கே கட்டுப்பட்டதாதலின், கடனை அடைக்க அதிகக் கூலி தேடி வேறிடம் செல்பவர் அந்த நாளே சட்டவிரோதியாகிறார்; அனுமதிக் காலம் கடந்து தங்குவோர்க்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டு வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

2023 டிசம்பர் முதல் இந்தியர் விசா இல்லாமல் 30 நாட்கள் மலேசியாவில் தங்கலாம். இச்சலுகை வேலை செய்வதற்கு உரியதன்று. அதில் வந்து இறங்கியபின் பெர்மிட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டு பொய் சொல்கிறார். அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பதிவெண்ணை இந்திய அரசின் குடிபெயர்வுத் தளத்தில் சரிபார்த்து, கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கி, வந்த பின் கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி மலேசியாவில் குற்றம்.