சீமைக்குப் போன தேங்காய்த்தூள்

தேங்காய் விளையும் ஊரில் தேங்காய்த்தூளுக்குப் பெரிதாக வேலையில்லை. வேண்டும்போது ஒரு காயை உடைத்துத் துருவினால் சம்பலும் ஆயிற்று, பாலும் ஆயிற்று. தூளுக்கு ஏங்கியவர்கள் தென்னையே காணாத குளிர்நாட்டு மிட்டாய்க்காரர்களும் கேக் சுடுகிறவர்களும்தான்.

முழுக்காயாக அனுப்பினால் சிரட்டையும் நீரும் வீண் சுமை. நீண்ட கடல் வழியில் அழுகலும் சேரும். வெயிலிலும் புகையிலும் காய்ந்த கொப்பரையில் கேக்குக்கு வேண்டிய வெண்மை கிடையாது. இந்தச் சிக்கலுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் விடை பிறந்தது. பருப்பை அங்கேயே தூளாக்கி அனுப்பும் இந்தத் தொழிலில் லண்டனைச் சேர்ந்த வாவசர் நிறுவனம் முன்னோடி. குருநாகல், புத்தளம், கம்பகா பகுதிகள் சேர்ந்த தென்னை முக்கோணத்தில் ஆலைகள் பெருகின.

வேலையோ கடினமானது. உரித்த காயின் சிரட்டையைச் சிறு கோடரியால், பருப்பு உடையாமல் கொத்தி எடுக்க வேண்டும். அது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் வித்தை. பிறகு பழுப்புத் தோலைச் சீவி, நீரை வடித்து, கழுவி, அரைத்து, சூடான காற்றில் உலர்த்துவார்கள். பாதிக்குப் பாதி ஈரமாக இருந்த பருப்பு, சுமார் 3 சதவீத ஈரத்துக்கு வற்றும். ஒரு டன் தூளுக்குச் சுமார் 8,000 காய்கள் வேண்டும். சீவிய தோலும் வீணாகாது. அதிலிருந்து எண்ணெய் ஆட்டுவார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. 1895இல் பிலடெல்பியா மாவு வியாபாரி பிராங்க்ளின் பேக்கருக்கு, மாவுக்கான கடனுக்கு ஈடாகக் கியூபாவிலிருந்து ஒரு கப்பல் தேங்காய் வந்து சேர்ந்தது. விற்க வழி தெரியாமல் துருவும் இயந்திரத்தை வாங்கினார். இரண்டே ஆண்டில் மாவு ஆலையை விற்றுவிட்டுத் தேங்காயோடு நின்றுவிட்டார்.

இந்தத் தொழிலை உலுக்கியது நோய். தூளைப் பலர் வேகவைக்காமல் அப்படியே பலகாரத்தின் மேல் தூவுகிறார்கள். உள்ளே கிருமி இருந்தால் நேரே வயிற்றுக்குப் போகும். 1953இல் ஆஸ்திரேலியாவில் பரவிய டைபாய்டுக்கு, பாப்புவாவிலிருந்து வந்த தேங்காய்த்தூள் காரணமென்று கண்டறிந்தார்கள். 1950களின் இறுதியில் பிரிட்டனில் இலங்கைத் தூளிலும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி தென்பட்டது. ஈரத் தரை, திறந்த வடிகால், கழுவாத கை என எதையும் அதன்பின் அலட்சியமாக விட முடியவில்லை. இலங்கை அரசு 1961இல் தூள் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது. அரைக்கும் முன் பருப்பைக் கொதிநீரிலோ நீராவியிலோ காட்டுவது ஆலைகளின் வழக்கமானது. நூறு ஆண்டு விளம்பரம் தராத நம்பிக்கையை அந்தச் சில நிமிடச் சூடு தந்தது. இன்றும் சால்மொனெல்லா சோதனையில் தேறினால்தான் இலங்கைத் தூள் ஏற்றுமதியாகும்.