மாத்தளையின் நினைவுக்கற்களும் வடக்குப் பாதையும்

மாத்தளை நகரின் நினைவுச் சின்னங்களுள் முதலிடம் பெறுவது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குரியதாகும். அவ்வாண்டு யூலை மாத இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய கிளர்ச்சியாளர், 28ஆந் திகதி மாத்தளையினுட் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி வரிப்பதிவேடுகளை அழித்தனர். மறுநாள் இராணுவச் சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். கண்டிப் பிரதானிகளுட் பெரும்பாலோர் இக்கிளர்ச்சியினின்று விலகி நிற்க, கரையோர மொறட்டுவையைச் சேர்ந்த சாமானியன் ஒருவன் அதன் தலைவர்களுள் ஒருவனாயினான் என்பது மனங்கொள்ளத்தக்கது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி. வீதி அமைப்பதற்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கீடான பணம். கோப்பி விலை வீழ்ச்சியாற் காலியான திறைசேரியைத் தேசாதிபதி டொரிங்டன் குடியானவனின் மடியிலிருந்து நிரப்ப முயன்றதன் விளைவே இது.

ஆட்சியாளரின் சுவடும் இந்நகரில் உண்டு. 1803இல் ஆங்கிலேயர் நிறுவிய மக்டோவல் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது வாயில் மட்டுமே. அதுவும் இடுகாட்டின் வாயிலாக நிற்கிறது.

இவ்விரு தரப்பாருக்கும் அப்பால் மூன்றாவது மக்கட் கூட்டமொன்று மாத்தளைக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலான பகுதிகளிலிருந்து, பஞ்சமும் கடனும் துரத்த, பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னாரிலிருந்து காட்டினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக அவர்கள் வந்தனர். அவர்கள் நடந்த வழியே வடக்குப் பாதை எனப்பட்டது. குடிநீரின்மை, வாந்திபேதி, அம்மை, காட்டுக் காய்ச்சல் ஆகியன வழிநெடுகக் காத்திருந்தன. 1840களில் வந்தோருள் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாமென ‘கொழும்பு ஒப்சேவர்’ 1849இற் கணித்தது. இக்கணிப்பு மிகையெனக் கொண்டு பாதியாகக் குறைத்தாலும், அது ஒரு நகரத்தின் சனத்தொகையாகும். விழுந்தவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். அவர்களுக்குக் கல் இல்லை.

அப்பாதையின் அருகேதான் நாலந்த கெடிகே உள்ளது. பல்லவர் கட்டடக் கலையின் சாயலும் பௌத்த வழிபாடும் இணைந்த கற்கட்டடம் அது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதன் மூல இடம் நீருள் அமிழ நேர்ந்தது. எனவே 1975 முதல் 1980 வரை கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீளக் கட்டினர். பாராட்டத்தக்க பணியே. ஆயினும் நம்மவரையும் இவ்விடத்துக் குறை கூறவேண்டியுள்ளது. கெடிகேயின் தூணிலே பல்லவரைத் தேடிக் கண்டு பெருமிதமுற்ற நமது ஆராய்ச்சியாளர், அதன் அருகே செல்லும் வீதியில் நடந்து மாண்ட தமிழரைத் தேடவில்லை. அரசரின் கல்லே வரலாறு என்னும் மயக்கம் நம்மிடமும் உண்டு.

1848இன் சிங்களக் குடியானவனும் அதே காலத்திற் பாதையில் நடந்த தமிழ்க் கூலியும் ஒரே பொருளாதாரத்தின் இரு விளைவுகள் எனலாம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் முன்னவனின் காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டத்துக்கு வழிவிட்டது. அத்தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக அவன் இணங்காதபோது பின்னவன் கொண்டுவரப்பட்டான். ஒருவனது நிலத்திலே மற்றவன் உழைக்க, இருவருக்கும் உரிமையில்லாத இலாபம் இலண்டனுக்குச் சென்றது. இவ்விருவர் கதையையும் ஒரே ஏட்டில் எழுதாமையாற் பயனடைந்தவர் யாரென்பதை விளக்கவேண்டியதில்லை.

ஏடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆபிரகாம் யோசேப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பிச் செய்கையைக் கும்மியாகத் தொழிலாளருக்குப் புகட்ட எழுந்த இந்நூலை மலையக அச்சிலக்கியத்தின் தொடக்கமாகக் கொள்வர். அது தோட்ட நிருவாகத்தின் குரல். பாதையில் மாண்டவனின் குரலன்று. அதே ஆண்டிலேதான் கோப்பியை அழித்த இலைநோயும் இலங்கையிற் கண்டறியப்பட்டது.

தொழிலாளர் தாமே நாட்டிய சின்னம் ஒன்றைத் தேடின், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலையே சுட்டவேண்டும். மரத்தடியில் அம்மனை வைத்து வணங்கியதே அதன் தொடக்கம் என்பது ஊர்வழக்கு. வழியில் அம்மைக்கு அஞ்சி நடந்தவர்கள், நடை முடிந்த ஊரில் மாரியை நாடியதில் வியப்பில்லை. 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியால் அது கோயிலாயிற்று. 1983 யூலையில் எரியூட்டப்பட்டு, மீள எழுந்தது.

2023ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறாண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்று இடம்பெற்றது. அது யூலை 28ஆந் திகதி, கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கி 175 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், தொடங்கிற்று. இது தற்செயலாகவே இருக்கலாம். நடந்தோர் ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தனர்.